மேசோன் மல்லியின் மூக்கு

அந்த மீட்டர் முதன்முதலாகக் கத்தியபோது நான் கேரமல் கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் சமையலறையில் செய்வார்கள். ஓரம் உடைந்ததை விருந்தினருக்கு வைக்க முடியாது, அதனால் எனக்கு வரும். இரண்டாவது ஸ்பூன் வாய்க்குப் போகிற நேரத்தில் மாடியிலிருந்து அந்தச் சத்தம். பால் குக்கரும் பூனையும் சண்டை போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. ஐந்தாம் எண் அறையிலிருந்த பெங்களூர்த் தம்பதி துண்டோடு வராந்தாவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். நான் கஸ்டர்டை முடித்துவிட்டுத்தான் மேலே போனேன். பாதியில் வைத்தால் அது தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பதறுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏதோ கோபத்திலும் வன்மத்திலும் நான் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்துவிட்டதாக இப்போது பேசிக்கொள்கிறார்கள். தீபலட்சுமி மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. முப்பது வருட ஹோட்டல் வேலையில் அவளைப் போல் உபயோகமான ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். காலையில் எழுந்து எங்கேயும் போக வேண்டியதில்லை, நேரம் நிறைய இருக்கிறது.

என் பெயர் தனிஸ்லாஸ். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிற மேசோன் மல்லியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், பன்னிரண்டு அறைகள். பெயரில் பாதி பிரெஞ்சு, பாதி பூ. முதலாளி அருள்முருகனுக்கு லாஸ்பேட்டையில் வீடு. பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. ஒன்று ஹோட்டல் பெயரில் இருக்கிறது. இன்னொன்றை என்னைக் கூப்பிட வைத்திருந்தார்: முசியே.

வேலைக்கு வந்த அன்று அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்தான் பேசினேன். காலையில் வஞ்சிர மீன் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றேன். சட்டையை வீட்டுக்குள்ளேயே காயப் போட்டிருக்கிறார்கள் என்றேன். அந்த பீரோவுக்குப் பின்னால் ஓர் எலி செத்திருக்கிறது, இரண்டு நாள் இருக்கும் என்றேன். பீரோவை நகர்த்திப் பார்த்தார்கள். இருந்தது. அன்றைக்கே வேலை.

அதிலிருந்து மேசோன் மல்லியில் ஒரு வழக்கம் வந்தது. அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் நான் உள்ளே போவேன். நடுவில் நின்று கண்ணை மூடி மூன்று முறை மூச்சு இழுப்பேன். பிறகு தலையசைப்பேன். நான் தலையசைக்காமல் வரவேற்பிலிருக்கிற ஜூலி யாருக்கும் சாவி கொடுக்க மாட்டாள். விருந்தினர்கள் அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். முதலாளி ஒரு அட்டை அச்சடித்து எல்லா அறையிலும் வைத்தார்: ‘இது எங்கள் மூக்கு முகர்ந்த அறை.’ நல்ல தாளில், தங்க எழுத்தில்.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரில் நிறைய பேருக்கு வாசனை போனது, நிறைய பேருக்குத் திரும்பி வந்தது. எனக்குத் திரும்பவில்லை. இதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி புஷ்பமேரி. திரிந்த பாலில் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். அவள் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியில் சொல்லாதே என்றேன். அவளும் சொல்லவில்லை.

மூக்குக்காக வேலை கொடுத்தவரிடம் போய் மூக்கு போய்விட்டது என்று எப்படிச் சொல்வது. ஐம்பத்துநான்கு வயதில் எனக்கு வேறு எந்த உறுப்புக்காகவும் யாரும் வேலை கொடுக்கப் போவதில்லை. எனவே சமாளித்தேன். குப்பைக்கூடையைப் பார்த்தால் என்ன குடித்தார்கள் என்று தெரியும். திரைச்சீலையைப் பார்த்தால் சிகரெட் தெரியும். அதன்பின் கண்ணை மூடி மூன்று மூச்சு. இரண்டு வருடம் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த ஓசோன் பொட்டி வரும் வரைக்கும்.

வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் அறைக்குள்ளேயே குடித்து, புகைத்து, பொரித்த மீன் வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பதினொரு மணிக்கு அவர்கள் காலி செய்தால், ஒரு மணிக்கு அடுத்தவர்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். இரண்டே மணி நேரத்தில் அந்த நாற்றம் போக வேண்டும். அதற்குத்தான் முதலாளி அந்த மெஷினை வாங்கினார். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் அளவு இருக்கும். விற்க வந்தவர் எங்களுக்கு விளக்கினார். நாம் மூச்சுவிடுகிற ஆக்சிஜனுக்கு இரண்டு கால். இந்த மெஷின் அதற்கு மூன்றாவது கால் ஒன்றை ஒட்டவைத்து ஓசோன் ஆக்குகிறது. மூன்றாவது கால் சும்மா இருக்காது, எதையாவது உதைக்கும். சிகரெட் நாற்றத்தை உதைக்கும், மீன் வாடையை உதைக்கும், உதைத்துவிட்டு மறுபடி இரண்டு காலாகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

துணி துவைக்கிற அன்னக்கிளிக்கு மட்டும் திருப்தியில்லை. அவளுக்கு என் வயது, என்னைவிட வாய் அதிகம். ஆறு மாதத்தில் ஜன்னல் ஓரத்து ரப்பர் பட்டையெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருப்பதை அவள்தான் எடுத்து வந்து என் மேசையில் போட்டாள்.

“இன்னாய்யா தனிஸ்லாசு, ரப்பரையே இப்படிப் பண்ணுது. இது நெஞ்சுக்குள்ள போனா அங்க இன்னா பூப்பறிக்குமா?”

ரப்பர் மட்டமான ரப்பர் என்றேன்.

மெஷினோடு ஒரு தாள் வந்திருந்தது. ஓடும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது, நிறுத்திய பிறகும் ஜன்னலைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் யாரும் போகக் கூடாது என்று போட்டிருந்தது. எங்களுக்கு மொத்தமே இரண்டு மணி நேரம். ஜன்னல்களில் பாதி கடல் உப்பில் ஊதிப்போய்த் திறக்காது. தாளில் ஒரு படமும் இருந்தது. ஓர் ஆண் உருவம், அதன் மேல் சிவப்பில் குறுக்குக்கோடு. நான் அதை ரொம்ப நேரம் பார்த்தேன். பெண்களைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை.

எனக்கு வந்த சிக்கல் வேறு. மூக்கு உள்ளவனுக்கு ஓசோன் தெரியும். ஜெராக்ஸ் கடை வாடை மாதிரி, இடி விழுந்த இடத்து வாடை மாதிரி இருக்கும் என்பார்கள். எப்போது அது போய்விட்டது என்று முகர்ந்து சொல்வதுதான் என் வேலை. எனக்கோ ஒன்றுமே தெரியாது. முதல் நாள் மூன்றாம் எண் அறைக்குள் நானே போனேன். கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது மூச்சை முடிக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துத் தடவினார்கள். இரண்டு நாள் மாடிப்படி ஏறினால் மூட்டை தூக்குகிற மாதிரி இருந்தது. அன்றைக்கே ஒன்று தெரிந்துகொண்டேன். இது மனுஷன் போகிற இடம் இல்லை. அதனால் நான் மறுபடி முதல் ஆளாகப் போகவில்லை. சூப்பர்வைசர் படுத்துவிட்டால் வேலையை யார் பார்ப்பது.

தீபலட்சுமி தற்செயலாகத்தான் கிடைத்தாள். இருபத்து நான்கு வயது, அரியாங்குப்பத்திலிருந்து வருவாள். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ் செய்திருந்தாள், ஓட்டத் தேர்வு பாக்கி. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு, ஏழு மணிக்கு மூச்சுக்கூட வாங்காமல் டூட்டியில் வந்து நிற்பாள். புகையிலை கிடையாது, சளி கிடையாது. கண்ணாடி மாதிரி நெஞ்சு. ஒரு நாள் மூன்றாம் எண் அறையில் துண்டு வைக்கப் போனவள் கட்டிலை எட்டும்போது இருமினாள். நான் வெளியில் நின்றபடி ஜூலியிடம் பத்து நிமிஷம் ஆகும் என்றேன். பத்து நிமிஷம் கழித்துத் தலையணை உறை கொடுத்து அனுப்பினேன். இருமவில்லை. நான் போனேன், கண்ணை மூடினேன், மூன்று மூச்சு, தலையசைத்தேன். அறை சுத்தமாக இருந்தது.

சந்தோஷம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொலைத்த மூக்கு திரும்பக் கிடைத்தவனுக்குத்தான் அது புரியும்.

ஒரு மாதத்தில் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. வாசலிலேயே இருமினால் அரை மணி நேரம். கட்டிலருகில் இருமினால் கால் மணி. ஜன்னல் வரைக்கும் போய் இருமினால் ஐந்து நிமிஷம். பாட்டு முணுமுணுத்தால் சாவி கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் அவளை அனுப்ப ஒரு காரணம் வேண்டும். சோப்பு, தண்ணீர் பாட்டில், மல்லிகைச் சரம், டிவி ரிமோட். சார் எதையுமே ஒரே தடவையில் குடுத்தனுப்ப மாட்டீங்களா என்று அவள் சிரிப்பாள். எனக்கு ஞாபக மறதி என்பேன்.

ஏன் அன்னக்கிளியை அனுப்பவில்லை என்று கேட்கலாம். அன்னக்கிளி புகையிலை போடுகிறவள். எதற்கும் இருமுவாள், சாம்பிராணிக்குக்கூட. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் நான் யாரிடமும் பாரபட்சம் பார்த்ததில்லை.

மூன்று, நான்கு மாதம் கழித்து ஒரு குறை தெரிய ஆரம்பித்தது. தீபலட்சுமி வராந்தாவில் இருமினாள். சமையலறையில் இருமினாள். வெட்டவெளியில் இருமினாள். தராசில் ஒன்றும் வைக்காமலே முள் ஆடினால் எப்படி எடை போடுவது. நான் அவளுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்து அனுப்பினேன். முள் பழைய இடத்துக்கு வரட்டும் என்றுதான். கேட்காமலே லீவு கொடுக்கிற சூப்பர்வைசரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஜூலி சொன்னாள்.

லீவு முடிந்து வந்த அன்று அவளே என்னிடம் வந்தாள்.

“சார், இன்னான்னே தெரியல. ஓடினா பாதியிலயே நெஞ்சைக் கயிறு போட்டு இழுக்கிற மாதிரி இருக்குது. முன்னெல்லாம் இப்படி இல்ல. அந்தப் பொட்டியால இருக்குமா சார்?”

நான் நிதானமாகப் பதில் சொன்னேன். “ஓசோன்றது வானத்துல இருக்கறதும்மா. அதுல ஓட்டை விழுந்துடுச்சேன்னு உலகமே அழுவுது. நாம இங்க சும்மா தயார் பண்ணிக் குடுக்கறோம்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே இருமலாக மாறியது. பழக்க தோஷம், நான் மனதுக்குள் கால் மணி நேரம் என்று குறித்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில்தான் மீட்டர் வந்தது. தொண்டை எரிகிறது, தலை வலிக்கிறது என்று ஒரு விருந்தினர் இணையத்தில் எழுதிவிட்டார். முதலாளி பயந்துபோய் ஓசோன் அளக்கிற மீட்டர் ஒன்று வாங்கி மாடி வராந்தாவில் மாட்டினார். மாட்டிய மறுநாள் அது கத்தியதைத்தான் முதலில் சொன்னேன். துண்டோடு நின்ற தம்பதியைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, மீட்டரைக் கழற்றினேன். அதில் இரண்டு பேட்டரி. ஆறாம் எண் அறை ரிமோட்டுக்கு ரொம்ப நாளாகப் பேட்டரி இல்லாமல் இருந்தது. அதில் போட்டேன். முதலாளியிடம், கடல் காற்றுக்கு இந்த மீட்டர் ஒத்துவராது, உப்பைக் கண்டாலே கத்துகிறது என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஒரு மணிக்கு ஒன்பது அறைக்கு ஆட்கள் வர இருந்தார்கள்.

மீட்டர் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் அது எப்போதும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட ஆள் ஹோட்டல் வேலைக்குச் சரிப்படாது. அது சுவரில் இருந்தால், என் மூன்று மூச்சுக்கு என்ன வேலை என்பது இன்னொரு விஷயம்.

அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். இருமுகிற பொண்ணை மாடியில் விட வேண்டாம், விருந்தினர்கள் பயப்படுகிறார்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் மன்றாடினேன். நல்ல பொண்ணு, போலீஸ் வேலைக்குப் போகிற வரைக்கும் இருக்கட்டும் என்றேன். சரி, ஆனால் இருமல் சத்தம் கேட்கக் கூடாது என்றார். நான் அவளுக்காகப் பேசியதை ஜூலி அவளிடம் சொல்லியிருக்கிறாள். அவள் எனக்கு எதிரில் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர். ஓட்டத் தேர்வு ஜனவரி எட்டாம் தேதி. அதுவரை இந்த வேலை அவளுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள். பாட்டில், துணி அடுக்குகிற அறையில் அவள் பையில் இருந்தது. நான்கு அறைக்குள் போய் வந்தாள், ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கண்ணைக் கட்டிக் கடற்கரைச் சாலையில் விட்டது மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்ததில் நன்னாரி சர்பத்தும் அந்த மருந்தும் ஒரே நிறம் என்று தோன்றியது. பாட்டிலை மாற்றி ஊற்றி வைத்தேன். உடம்புக்குக் குளிர்ச்சிதானே. மருந்தைக் கீழே கொட்டவுமில்லை, வேறு பாட்டிலில் பத்திரமாக ஊற்றி வைத்தேன். இரண்டு நாளில் இருமல் திரும்பி வந்தது. இந்த மருந்து தித்திப்பாத்தான் இருக்குது, கேக்க மாட்டேங்குது என்று அவள் அன்னக்கிளியிடம் குறைபட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, வீசிங் இருக்கிறது, எங்கே வேலை செய்கிறாய், என்ன புகை, என்ன கேஸ் என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். அதன் பக்கமே போகாதே என்று சொல்லி, ஒரு பஃப் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வாயில் வைத்து அழுத்தினால் மருந்து உள்ளே போகும் அந்த நீலக் குழாய். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“சார், பதினஞ்சு நாள்தான். ஓட்டம் முடியிற வரைக்கும் என்னைக் கீழ துணி தோய்க்கற எடத்துல போட்டுடுங்க. அன்னக்கிளியக்கா மேல வரட்டும். அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன்.”

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இதில் அவசரப்பட்டு முடிவெடுத்ததாக யாரும் என்னைச் சொல்ல முடியாது. வருடக் கடைசி, பன்னிரண்டு அறையும் நிரம்பியிருந்தது. அவளைக் கீழே விட்டால், மேலே கண்ணை மூடி நிற்கிற நான் வெறும் கண்ணை மூடி நிற்கிற ஆள். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, சீஸன் முடியட்டும்மா, பொங்கல் கழிச்சு மாத்திடறேன் என்றேன். பொங்கல் எட்டாம் தேதிக்குப் பிறகுதான் வருகிறது என்பது இருவருக்கும் தெரியும். அவள் துண்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

பஃப் நல்ல மருந்து. அறைக்குள் போவதற்கு முன் இரண்டு தடவை அழுத்திக்கொண்டால் அவளுக்கு இருமலே வராது. அதனால் என்ன ஆயிற்று என்றால், எட்டாம் எண் அறையில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல் வரைக்கும் போய்வந்தாள், நான் தலையசைத்தேன், ஜூலி சாவி கொடுத்தாள். சென்னை அம்மா ஒருவர் உள்ளே போன இரண்டாவது நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். முதலாளி எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார்.

“முசியே, உங்க மூக்குக்கு இன்னா ஆச்சு?”

இந்தக் கதையில் நான் பயந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

இருபத்தேழாம் தேதியிலிருந்து நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். பத்தரைக்கு எல்லோரும் டீ குடிக்கப் போவார்கள். ஏப்ரன்கள் துணி அறைக் கொக்கியில் தொங்கும். அவள் ஏப்ரன் பையிலிருந்து பஃபை எடுத்து என் சட்டைப் பையில், கண்ணாடிக் கூடுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். ஒரு மணிக்குச் சாவியெல்லாம் கொடுத்து முடித்ததும் திரும்ப அங்கேயே வைத்துவிடுவேன். பத்தரையிலிருந்து ஒன்று வரை மட்டும். மீதி இருபத்தொன்றரை மணி நேரம் அது அவளிடம்தான் இருந்தது. அவள் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தாள். பையில் தேடுவாள், அலமாரியில் தேடுவாள். போலீசுக்குப் போறவ, சொந்த சாமானையே கண்டுபுடிக்கத் தெரியல என்று அன்னக்கிளி கிண்டல் செய்வாள். ஒரு மணிக்குப் பிறகு பஃப் பையிலேயே இருக்கும். அவளும் சிரித்துவிடுவாள்.

முப்பத்தொன்றாம் தேதி பன்னிரண்டு அறையும் ஒரே நேரத்தில் காலியாகி, பன்னிரண்டும் ஒரே நேரத்தில் நிரம்ப வேண்டியிருந்தது. முதலாளி இன்னும் இரண்டு பொட்டி வாடகைக்கு எடுத்திருந்தார். ஜூலி கீழேயிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் செய்தாள். தீபலட்சுமி ஒன்பது அறைக்குப் போய் வந்தாள். அன்றைக்கு அவள் இருமல் அவ்வளவு துல்லியமாக இருந்தது. ஒன்றிலும் தப்பவில்லை. பத்தாம் எண் அறை வாசலைத் தாண்டியவள் இருமவில்லை. திரும்பி வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

உதடு கத்திரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி இறங்கியது, ஆனால் காற்று உள்ளே போன மாதிரி தெரியவில்லை. ஏப்ரன் பையைத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்து, வாய் அருகே கையைக் கொண்டுபோய் இரண்டு விரலால் அழுத்திக் காட்டினாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை.

அது என் சட்டைப் பையில்தான் இருந்தது. என் நெஞ்சுக்கும் அவள் கைக்கும் நான்கடி தூரம் இருக்கும். இப்போது எடுத்துக் கொடுத்தால், எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்பாள். இன்னொன்றும் தோன்றியது, அதையும் மறைக்கவில்லை: மருந்து உள்ளே போய்விட்டால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு அறைகளுக்கு இருமல் கிடைக்காது. இதோ வந்துட்டேம்மா, தேடிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு துணி அறைக்குள் போய் நின்றேன். அலமாரிக் கதவைத் திறந்து மூடிச் சத்தம் கொடுத்தேன். கடிகாரம் எதிரில் இருந்தது. நான்கு நிமிஷம் நின்றேன். நான் திரும்பி வரும்போது அன்னக்கிளி அவளைத் தோளில் சாய்த்துப் பாதிப்படி இறங்கியிருந்தாள். ஜூலி ஆட்டோவுக்கு ஓடினாள்.

பத்தாம் எண் அறைக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் சாவி கொடுக்க விட்டேன். அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு விருந்தினரை உள்ளே அனுப்ப எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நெஞ்சில் நீர் கோத்திருந்ததாம். மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், இரண்டு கால் உள்ளது. எட்டாம் தேதி அவள் அந்தக் கட்டிலில்தான் இருந்தாள். இனிமேல் ஓடவே முடியாது, மாடி ஏறினாலும் நடுவில் நின்றுதான் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். இருபத்து நான்கு வயதில் அறுபது வயது நெஞ்சு என்றாராம்.

நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் தலையணையில் சாய்ந்தபடி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, சார் நீங்கதான் எனக்காகப் பேசி வேலையில வெச்சிருந்தீங்க என்றாள். மனசு இளகிப்போனது. இளகிய மனசில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். சட்டைப் பையிலிருந்து பஃபை எடுத்துக் கொடுத்து, துணி அலமாரியில் கீழ்த்தட்டில் கிடந்தது, இவ்வளவு நாளாக அங்கேயே இருந்திருக்கிறது என்றேன். நல்ல மருந்து, வீணாகக் கூடாது என்றுதான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அன்னக்கிளி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் உரிப்பதை நிறுத்தினாள்.

“அந்த அலமாரிய மொதல் தேதியன்னிக்கு நான்தான்யா ஒழிச்சுக் கழுவிப் பேப்பர் போட்டேன்.”

தீபலட்சுமி குழாயைப் பார்த்தாள், பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆரஞ்சை அவள் தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்னக்கிளி அந்த வாரமே லேபர் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். ரப்பர் பட்டையையும் சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாளாம். போன புதன்கிழமை பன்னிரண்டேகால் மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். பெயர் கமலா. சின்ன உருவம், பருத்திப் புடவை, கையில் நோட்டு. அளக்கிற கருவி மறுநாள்தான் வரும், இன்றைக்கு ஆட்களையும் அறைகளையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். அம்மா என்னிடம் ஒரு மணி நேரம் போல மரியாதையாகக் கேள்வி கேட்டார், நானும் மரியாதையாகவே பதில் சொன்னேன். மீட்டர் எங்கே என்றார், ரிப்பேர் என்றேன். பஃப் எங்கே இருந்தது என்றார், அலமாரியில் என்றேன். அப்போது ஒரு பேச்சு, இப்போது ஒரு பேச்சு என்று நினைக்காதீர்கள். அப்போது எனக்கு வேலை இருந்தது.

தீபலட்சுமி போனதிலிருந்து நான் பட்ட கஷ்டத்தை யாரும் கேட்கவில்லை. பத்து நாளுக்கு மேலாகக் கடிகாரத்தை மட்டும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு விருந்தினர்கள் மூக்கைச் சுருக்கிக்கொண்டே வெளியே வந்தார்கள். மாடிக்கு வா என்றால் அன்னக்கிளி படிக்கட்டின் அடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள். ஏழாம் எண் அறையில் பொட்டி பன்னிரண்டரை வரை ஓடியிருந்தது, இன்ஸ்பெக்டர் வருவதற்காக நிறுத்த முடியாது, ஒரு மணிக்கு வருகிறவர்கள் இரண்டு மணிக்குத்தான் வருவோம் என்று போன் செய்திருந்தது ஒரு அதிர்ஷ்டம்.

கேள்விகளெல்லாம் முடிந்ததும் அம்மா நோட்டை மூடிவிட்டு, அந்தப் பொட்டி வைக்கிற அறை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார். ஏழாம் எண் அறை வாசலில் போய் நின்றோம். கதவு மூடியிருந்தது. உள்ளே போகலாமா, ஒன்றும் ஆகாதே என்று கேட்டார். நான் மூக்கைக் கதவிடுக்கில் வைத்துப் பார்த்தேன், எனக்கு எப்போதும் போல ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், நல்ல ஆரோக்கியமான உடம்பு, மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. நான் கதவைத் திறந்து, பணிவாக ஒதுங்கி நின்றேன்.

“நீங்க முன்னாடி போங்க மேடம். நான் இப்படி வெளியவே நின்னு கேட்டுட்டிருக்கேன்.”